கண் அளக்கும் தரம்

கெடா மாநிலத்தின் தென்பகுதியில் அமைந்துள்ள கூலிம், ஒரு காலத்தில் ஈயத்திற்கும் இரப்பருக்கும் பெயர் பெற்ற வட்டாரம். இன்று அவ்வூரின் பெயரைச் சொன்னவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது கூலிம் ஹைடெக் பூங்காவே. 1996-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இப்பூங்கா, மலேசியாவின் முதல் உயர்தொழில்நுட்பத் தொழில்பேட்டை ஆகும். இங்குள்ள ஆலைகளில் மின்னணுச் சில்லுகள், அவற்றுக்கான பாகங்கள் முதலிய பல பொருள்கள் தயாராகின்றன. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இன்ஃபினியான் நிறுவனம், சிலிக்கான் கார்பைடு எனும் பொருளைக் கொண்டு மின்னாற்றல் சில்லுகளைத் தயாரிக்கும் புதிய ஆலையின் முதற்கட்டத்தை இங்குத் திறந்தது.

இத்தகைய ஆலைகளில் ஒரு பொருளை உருவாக்குவதற்கு எவ்வளவு உழைப்புத் தேவையோ, அப்பொருள் சரியாக உள்ளதா எனச் சோதிப்பதற்கும் அவ்வளவு கவனம் தேவை. ‘கியூசி’ எனத் தொழிலாளர்கள் சுருக்கமாக அழைக்கும் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவின் வேலை அதுவே. கூலிம், லூனாஸ், பாடாங் செராய் ஆகிய ஊர்களிலிருந்து நாள்தோறும் பேருந்தேறி வேலைக்குச் செல்லும் பெற்றோர் பலருக்கு இப்பிரிவு புதிதன்று. ஒரு பொருளைக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, ‘இது தேறும், இது தேறாது’ எனப் பிரிக்கும் திறனை அவர்கள் பல்லாண்டுகளாகப் பழகி வைத்திருக்கின்றனர்.

அத்திறன் ஆலைக்குள் மட்டும் பயன்படுவதன்று. இளையோர் பலர் ஆர்வத்துடன் சேகரிக்கும் ‘ஆக்‌ஷன் ஃபிகர்’ எனப்படும் அசையும் உருவப்பொம்மையை வாங்கும்போதும் அதே கண் தேவைப்படுகிறது. வாளேந்திய மாயவீரன், சிறகு விரித்த பறவைநாகம், எலும்புமுகச் சூனியக்காரன் எனக் கற்பனைக் கதைகளிலிருந்து எழுந்த இப்பொம்மைகள், பல மாதச் சேமிப்பை ஒரே நாளில் கரைத்துவிடக் கூடியவை. ஆகவே, அவற்றின் தரத்தை எவ்வாறு அறிவது என்பதைக் கற்பது பயனுள்ளது.

தோட்டத்தில் பிறந்த தராதரம்

பொருளைப் பார்த்தே தரம் பிரிக்கும் கலை கெடாவின் தோட்டப்புறங்களில் நெடுங்காலமாக இருந்து வந்துள்ளது. பால்மரத்திலிருந்து இறக்கிய பாலை அமிலம் சேர்த்து உறைய வைப்பர். உருளைகளுக்கிடையே அழுத்தித் தாளாக்குவர். பின்னர்ப் புகைக்கூடத்தில் சில நாள்கள் தொங்கவிட்டு உலர்த்துவர். இவ்வாறு உருவான இரப்பர்த் தாளை வெளிச்சத்திற்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பர். பூசணம் உள்ளதா, காற்றுக்குமிழி உள்ளதா, மரப்பட்டைத் துகள் ஒட்டியிருக்கிறதா, நிறம் சீராக உள்ளதா என ஆராய்ந்து, ஒன்று முதல் ஐந்து வரை தரமிடுவர். ஒன்றாம் தரத்திற்கும் மேலான உயர்தரம் ஒன்றும் உண்டு. இவை யாவும் கண்ணால் பார்த்தே முடிவு செய்யப்படும்.

கண்ணின் தீர்ப்பு ஆளுக்கு ஆள் மாறலாம் அல்லவா? இக்குறையைப் போக்கவே 1965-ஆம் ஆண்டில் ‘தரப்படுத்தப்பட்ட மலேசிய இரப்பர்’ எனும் முறை அறிமுகமானது. இதன்படி, இரப்பரில் கலந்துள்ள அழுக்கின் அளவு போன்றவை ஆய்வுக்கூடத்தில் அளக்கப்பட்டு, அந்த அளவைக் கொண்டு தரம் குறிக்கப்பட்டது. கண்ணால் அறிவது ஒரு வழி. கருவியால் அளப்பது மற்றொரு வழி. சில்லு ஆலைகளில் இரண்டாவது வழியே மேலோங்கியுள்ளது. பொம்மையை வாங்கச் செல்பவரிடம் நுண்ணோக்கி இருக்காது. அவருக்குத் தோட்டத்து முறையே துணை. ஆனால், எதைப் பார்க்க வேண்டும், எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதை முன்கூட்டியே வகுத்துக்கொண்டால் கண்ணின் தீர்ப்பும் நம்பத்தக்கதாகும்.

முதுகில் இருக்கும் ஊர்ப்பெயர்

1964-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ‘ஜி.ஐ. ஜோ’ எனும் போர்வீரன் பொம்மையை வெளியிட்டது. ‘பொம்மை’ என்றால் சிறுவர்கள் வாங்கமாட்டார்கள் எனக் கருதியே, அதற்கு ‘ஆக்‌ஷன் ஃபிகர்’ எனும் புதுப்பெயர் சூட்டப்பட்டது. 1977-ஆம் ஆண்டில் ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படம் வெளிவந்தபோது பொம்மைகளுக்கான தேவை எதிர்பாராத அளவு பெருகியது. பொம்மைகள் இன்னும் தயாராகாத நிலையில், கென்னர் நிறுவனம் அவ்வாண்டு கிறிஸ்துமஸ் காலத்தில், பின்னர்ப் பொம்மைகளைப் பெற்றுக்கொள்வதற்கான சான்றிதழைக் கொண்ட வெற்று அட்டைப்பெட்டியையே விற்றது. அதையும் மக்கள் வாங்கினர்.

1982-ஆம் ஆண்டில் மேட்டல் நிறுவனம் ‘மாஸ்டர்ஸ் ஆஃப் தி யூனிவர்ஸ்’ எனும் வரிசையைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. ஹீ-மேன் எனும் வீரனும் ஸ்கெலிட்டர் எனும் எலும்புமுகப் பகைவனும் அவ்வரிசையின் முதன்மைப் பாத்திரங்கள். ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் உயரமுள்ள அப்பொம்மைகளின் இடுப்பில் ஒரு சுருள்வில் இருந்தது. இடுப்பைத் திருகி விட்டால் உடல் விரைந்து திரும்பி, குத்துவிடுவது போலத் தோன்றும்.

இவ்வரிசையில் மலேசியர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அப்பொம்மைகள் பல நாடுகளில் தயாரிக்கப்பட்டன. அவற்றின் முதுகில் தைவான், ஹாங்காங், மெக்சிகோ முதலிய பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றுள் ‘மலேசியா’ எனும் பெயரும் ஒன்று. நாட்டுக்கு நாடு வண்ணத்திலும் நெகிழியின் மென்மையிலும் சிறு வேறுபாடுகள் இருப்பதால், சேகரிப்பாளர்கள் முதலில் முதுகைத் திருப்பிப் பார்ப்பது வழக்கமாயிற்று. கூலிமிலிருந்து ஒரு மணி நேரத்திற்குள் சென்றடையக்கூடிய பினாங்கு மாநிலத்துப் பிறை நகரில் மேட்டல் நிறுவனத்தின் தொழிற்சாலை இன்றும் இயங்குகிறது. உலகெங்கும் சேகரிக்கப்படும் ‘ஹாட் வீல்ஸ்’ சிறு மகிழுந்துகள் அங்குத் தயாராகின்றன. அவற்றின் அடிப்பாகத்திலும் மலேசியாவின் பெயரைக் காணலாம்.

முதுகில் உள்ள எழுத்தைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. அங்குப் பொறிக்கப்பட்டிருக்கும் ஆண்டு பெரும்பாலும் பதிப்புரிமை பதிவான ஆண்டே ஆகும். பொம்மை தயாரான ஆண்டு அன்று. 1982-இல் விற்பனைக்கு வந்த ஹீ-மேனின் முதுகில் 1981 என்றே இருக்கும். அதே அச்சு அடுத்து வந்த ஆண்டுகளிலும் பயன்பட்டது. எனவே, ‘1981 என இருக்கிறது; இது மிகப் பழையது; விலை கூடும்’ என ஒருவர் கூறினால், அதை அப்படியே ஏற்றுக்கொள்ளலாகாது.

பொம்மை உருவாகும் விதம்

குறையைக் கண்டறிய, அக்குறை எங்கிருந்து பிறக்கிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். முதலில் ஒரு சிற்பி களிமண்ணிலோ கணினியிலோ உருவத்தை வடிக்கிறார். அதைக் கொண்டு எஃகு அச்சு செய்யப்படுகிறது. உருகிய நெகிழியை மிகுந்த அழுத்தத்துடன் அவ்வச்சுக்குள் செலுத்தி, குளிர்ந்தபின் அச்சின் இரு பாதிகளையும் பிரித்துப் பாகத்தை வெளியே எடுப்பர். கை, கால், தலை, வாள், கேடயம் எனப் பாகங்கள் தனித்தனியே வார்க்கப்படும். பின்னர் அவை வண்ணம் தீட்டப்பட்டு, பொருத்தப்பட்டு, பெட்டிக்குள் அடைக்கப்படும்.

எல்லாப் பாகங்களுக்கும் ஒரே நெகிழி பயன்படுத்தப்படுவதில்லை. மார்பு போன்ற உறுதி வேண்டிய பகுதிகளுக்கு ஏபிஎஸ் எனும் கடின நெகிழியும், தலைமயிர், மேலங்கி, கைவிரல் போன்ற வளைய வேண்டிய பகுதிகளுக்கு பிவிசி எனும் மென்நெகிழியும் பயன்படுகின்றன. கடின நெகிழி வளையாது, ஆனால் உடையலாம். மென்நெகிழி உடையாது, ஆனால் வெப்பத்தில் வளைந்துவிடலாம். இவ்வுண்மையை மனத்தில் கொண்டால் பின்வரும் சோதனைகள் எளிதில் விளங்கும்.

பார்க்க வேண்டிய ஐந்து

முதலாவது, வார்ப்பு. அச்சின் இரு பாதிகளும் சேரும் இடத்தில் மெல்லிய கோடு ஒன்று விழும். அது எல்லாப் பொம்மைகளிலும் இருக்கும். நல்ல தயாரிப்பில் அக்கோடு கவசத்தின் விளிம்பிலோ ஆடையின் மடிப்பிலோ மறைந்திருக்கும். மோசமான தயாரிப்பில் அது கன்னத்தின் குறுக்கே ஓடும். அச்சு தேய்ந்துவிட்டால் கோட்டின் ஓரத்தில் மெல்லிய நெகிழிப் படலம் பிதுங்கி நிற்கும். விரல்நகத்தால் தடவினாலே அது தட்டுப்படும். தடித்த பகுதி சீராகக் குளிராவிட்டால் மேற்பரப்பில் சிறு குழிவு தோன்றும். சங்கிலிக் கவசத்தின் வளையங்கள், மிருகத்தோலின் மயிர்க்கோடுகள் போன்ற நுணுக்கங்கள் மழுங்காமல் இருக்கின்றனவா என்பதையும் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, மூட்டு. அசைவதற்காகவே செய்யப்பட்ட பொம்மைக்கு மூட்டே உயிர். தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் ஆகியவற்றை ஒவ்வொன்றாக மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். நல்ல மூட்டு, அசைக்கும்போது சீரான எதிர்ப்பைத் தரும். விட்டவுடன் அந்நிலையிலேயே நிற்கும். தளர்ந்த மூட்டு வாளைத் தாங்க முடியாமல் கையைத் தொங்கவிடும். இறுகிய மூட்டை வலிந்து திருப்பினால் உள்ளிருக்கும் அச்சாணி முறிந்துவிடும். மூட்டைச் சுற்றி நெகிழி வெளுத்துக் காணப்பட்டால், அங்கு விரிசல் விழப் போகிறது என்பதற்கு அது முன்னறிவிப்பு ஆகும்.

மூன்றாவது, வண்ணம். வண்ணம் பல வழிகளில் இடப்படுகிறது. வெட்டுத்தகட்டை மேலே வைத்துத் தெளிப்பது ஒரு முறை. மென்மையான சிலிக்கான் திண்டினால் முத்திரை போல ஒற்றியெடுப்பது மற்றொரு முறை. தகடு சற்று விலகினாலும் இடைவாரின் நிறம் வயிற்றில் படிந்துவிடும். இரு நிறங்கள் சந்திக்கும் எல்லையைப் பார்த்தால் வேலையின் செம்மை தெரிந்துவிடும். வண்ணத்தைக் கடையின் மஞ்சள் விளக்கொளியில் மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது. பகல் வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்துப் பார்த்தால், விடுபட்ட இடங்களும் விரல்ரேகைத் தடங்களும் வெளிப்படும்.

நான்காவது, முகம். வண்ணத்தின் ஒரு பகுதிதானே முகம் என எண்ணலாம். ஆயினும் மனிதக் கண் எதைப் பார்த்தாலும் முதலில் முகத்தையே தேடுகிறது. கருவிழி அரை மில்லிமீட்டர் இடம் மாறினாலும் வீரன் மாறுகண் உடையவனாகத் தோன்றுவான். இரு விழிகளும் ஒரே திசையை நோக்குகின்றனவா, புருவமும் உதடும் தமக்குரிய வடிப்பின் மேல் சரியாக அமர்ந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும். கடையில் ஒரே பாத்திரம் பல பெட்டிகளில் இருந்தால், முகங்களை அருகருகே வைத்து ஒப்பிடுவதே சிறந்த வழி. ஒரே அச்சில் பிறந்தவை என்றாலும் எல்லா முகங்களும் ஒன்றாய் இருப்பதில்லை.

ஐந்தாவது, முழுமை. வாள், கேடயம், மாற்றுக்கைகள், தாங்கு பீடம் என எவையெல்லாம் இருக்க வேண்டும் என்பதைப் பெட்டியின் பின்புறம் காட்டும். வாள் கையில் நழுவாமல் நிற்க வேண்டும். கையின் பிடி மிக இறுக்கமாக இருந்தால் ஒவ்வொரு முறையும் வண்ணம் உரியும். பொம்மை எவ்விதத் தாங்கலும் இன்றிச் சமதளத்தில் நிற்கிறதா என்பதும் முக்கியம். பெரிய சிறகும் கனமான ஆயுதமும் கொண்ட பொம்மைகள் பின்பக்கம் சாய்வதுண்டு. அவற்றுக்குப் பீடம் சேர்க்கப்பட்டிருந்தால் அது குறையாகாது.

புள்ளி சொல்வதும் சொல்லாததும்

அமெரிக்காவில் பழம்பொம்மைகளை ஆராய்ந்து, 100 வரையிலான புள்ளி வழங்கித் தரமிடும் நிறுவனங்கள் உள்ளன. மாணவர்களும் எளிய புள்ளிமுறையைப் பின்பற்றலாம். மேற்கூறிய ஐந்து கூறுகளுக்கும் தலா 10 புள்ளிகள் எனக் கொள்வோம். ஒரு கடையில் ஒரே பாத்திரத்தின் இரு பொம்மைகள் உள்ளன. முதல் பொம்மை, வார்ப்புக்கு 9, மூட்டுக்கு 6, வண்ணத்திற்கு 9, முகத்திற்கு 9, முழுமைக்கு 10 என மொத்தம் 43 புள்ளிகள் பெறுகிறது. இரண்டாவது பொம்மை, முறையே 8, 9, 7, 8, 10 என 42 புள்ளிகள் பெறுகிறது. ஆகவே முதல் பொம்மையே சிறந்தது எனத் தோன்றும்.

ஆனால், வாங்குபவரின் நோக்கம் என்ன? அலமாரியில் நிறுத்தி அழகு பார்ப்பதே நோக்கம் என்றால், வண்ணத்தையும் முகத்தையும் இருமடங்காகக் கணக்கிடலாம். அப்போது முதல் பொம்மை 61 புள்ளிகளும் இரண்டாவது 57 புள்ளிகளும் பெறும். அசைத்து, வெவ்வேறு நிலைகளில் நிறுத்திப் படம் எடுப்பதே நோக்கம் என்றால், மூட்டை இருமடங்காக்க வேண்டும். அப்போது முதல் பொம்மைக்கு 49, இரண்டாவதற்கு 51. வெற்றி பெறுவது இப்போது இரண்டாவது பொம்மை. பொம்மைகள் மாறவில்லை, தேவை மாறியது. தரம் என்பது பொருளில் மட்டும் இல்லை. அப்பொருள் எதற்காக என்ற கேள்வியிலும் அடங்கியுள்ளது.

புள்ளிமுறைக்கு ஓர் எல்லையும் உண்டு. தொழிற்சாலைகளில் குறைகளை மூவகையாகப் பிரிப்பர். பயன்படுத்துபவருக்கு ஆபத்து விளைவிப்பது கடுங்குறை. பொருளைப் பயன்படாமல் செய்வது பெருங்குறை. பயனைப் பாதிக்காமல் அழகை மட்டும் சற்றே குறைப்பது சிறுகுறை. சிறுகுறைகள் சில இருந்தாலும் பொருள் தேறக்கூடும். கடுங்குறை ஒன்று இருந்தாலும் தேறாது. எனவே, இடுப்பு மூட்டில் விரிசல் உள்ள பொம்மைக்கு முகம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்த அழகு விரிசலை ஈடுசெய்யாது. முதலில் விலக்க வேண்டியதை விலக்கிவிட்டு, எஞ்சியவற்றுக்கே புள்ளி இட வேண்டும்.

வெயிலும் ஈரமும்

பழைய பொம்மையை வாங்கும்போது காலம் செய்த வேலையையும் பார்க்க வேண்டியுள்ளது. கடின நெகிழி வெயில் பட்டு மஞ்சளாகும். மென்நெகிழியில் கலந்துள்ள இளக்கிப் பொருள் காலப்போக்கில் மேற்பரப்புக்கு வந்து, தொட்டால் பிசுபிசுக்கும். 1980-களின் ஹீ-மேன் பொம்மைகளில், இரு கால்களையும் உள்ளே இணைக்கும் இரப்பர் துண்டு நைந்துபோவதால் கால்கள் ஆடத் தொடங்கும். அதை மாற்றிவிடலாம். ஆயினும் மாற்றப்பட்டது என்பதை வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும்.

மலேசியாவின் தட்பவெப்பம் பொம்மைகளுக்கு உகந்ததன்று. வெயிலில் நிறுத்திய மகிழுந்தின் உட்புறம் 60 பாகை செல்சியசைத் தாண்டக்கூடும். அவ்வெப்பத்தில் மென்நெகிழியாலான கால் வளைந்து, பொம்மை ஒருபக்கம் சாய்ந்துவிடும். ஈரம் மிகுந்த காற்றில் அட்டைப்பெட்டியில் பூசணம் படரும். சன்னலிலிருந்து தள்ளி வைத்தல், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப்பொட்டலத்தைப் பெட்டியில் இடுதல், பிசுபிசுப்பை மென்மையான சவர்க்காரம் கலந்த வெதுவெதுப்பான நீரால் கழுவுதல் ஆகியவை போதிய பாதுகாப்பைத் தரும். இறுகிய மூட்டையும் வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் வைத்து இளக்கலாம்.

போலியை அறிதல்

இரவுச் சந்தையிலும் இணைய அங்காடியிலும் போலிப் பொம்மைகள் மலிந்துள்ளன. அவற்றுள் பல, அசல் பொம்மையையே அச்சாகக் கொண்டு மறுவார்ப்புச் செய்யப்பட்டவை. நெகிழி குளிரும்போது சுருங்கும் இயல்புடையது. ஆகையால் மறுவார்ப்பில் உருவான பொம்மை அசலைவிடச் சற்றுச் சிறிதாகவும் நுணுக்கங்கள் மழுங்கியும் இருக்கும். இரப்பர்த் தாளைப் போலவே இங்கும் கண்ணும் அளவுகோலும் ஒன்றையொன்று தாங்குகின்றன. அசலின் உயரம் தெரிந்திருந்தால் ஓர் அளவுகோலே போலியைக் காட்டிக்கொடுக்கும். பெட்டியில் மங்கிய படங்கள், எழுத்துப்பிழைகள், முதுகில் தெளிவற்ற அல்லது அழிக்கப்பட்ட பதிப்புரிமை வரி, மூக்கைத் துளைக்கும் வாடை, நம்ப முடியாத குறைந்த விலை ஆகியவை பிற அடையாளங்கள். இவற்றுள் ஒன்று மட்டும் இருந்தால் ஐயப்படலாம். பல சேர்ந்திருந்தால் விலகுவதே நன்று.

போலியால் ஏற்படும் இழப்பு பணத்தோடு முடிவதில்லை. தரம் சோதிக்கப்படாத வண்ணத்தில் ஈயம் போன்ற நச்சுப்பொருள் கலந்திருக்கக்கூடும். வீட்டில் தம்பி தங்கையர் இருந்தால் அது வாய்க்குள் செல்லும் ஆபத்தும் உண்டு. இதனைத் தடுக்கவே மலேசியாவில் 2009-ஆம் ஆண்டு பொம்மைகளுக்கான பாதுகாப்பு விதிமுறைகள் இயற்றப்பட்டன. சிறுவர்கள் விளையாடுவதற்கான பொம்மைகள் அவ்விதிமுறைகளின்படி சோதிக்கப்பட்டு, அதற்குரிய முத்திரையைத் தாங்கியிருக்க வேண்டும். பெரியவர்களின் சேகரிப்புக்கென விற்கப்படும் உருவங்கள் சிறு குழந்தைகளுக்கு உரியவை அல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அசல் என்று கூறிப் போலியைத் தந்த வணிகரிடம் வாங்கியவர் வாய்மூடி இருக்க வேண்டியதில்லை. பற்றுச்சீட்டையும் விளம்பரப் படத்தையும் பாதுகாத்து வைத்தால், உள்நாட்டு வாணிப அமைச்சிடம் புகார் அளிக்கலாம். பயனீட்டாளர் தீர்ப்பாயத்திலும் முறையிடலாம். அங்கு வழக்கறிஞரின் துணையின்றித் தாமே வழக்கை எடுத்துரைக்க முடியும். மாணவர்கள் இதனைப் பெற்றோரின் துணையுடன் செய்வது நல்லது.

விற்பவரின் நேர்மை

தரம் அறிந்தவருக்கு ஒரு கடமையும் உண்டு. இன்று வாங்குபவர் நாளை விற்பவராகலாம். தம் பொம்மையின் தோளில் உள்ள விரிசலை மறைக்கும் கோணத்தில் படம் எடுத்து விற்பது எளிது. வாங்குபவர் வேறு ஊரில் இருப்பார். பெட்டியைப் பிரித்த பின்னரே உண்மை தெரியும். அப்போது அவர் இழப்பது அவரும் பல மாதம் சேமித்த பணத்தையே. குறையைப் படத்துடன் வெளிப்படையாகச் சொல்லி, அதற்கேற்ப விலையைக் குறைப்பவரிடம் மக்கள் மீண்டும் வருவர். கண்ணுக்குத் தெரிந்த குறையைச் சொல்லாமல் விடுவது, அறியாமல் செய்த பிழையைவிடப் பெரியது.

தொழிற்சாலையிலும் இதே நிலைதான். இலக்கை எட்ட வேண்டும் என்ற அவசரத்தில், ஐயமுள்ள பொருளைத் தேறியவற்றோடு சேர்த்துவிடத் தோன்றலாம். அதைத் தனியே எடுத்து வைக்கும் தரப் பரிசோதகரின் பெயர் எந்தப் பெட்டியிலும் அச்சிடப்படுவதில்லை. ஆனால், எங்கோ ஒரு நாட்டில் அப்பெட்டியைத் திறப்பவர் ஏமாறாமல் இருப்பதற்கு அவரே காரணம். பொருளின் மீது ‘மலேசியா’ எனும் பெயர் பொறிக்கப்படும்போது, அப்பெயரின் மதிப்பைக் காப்பவர்களுள் கூலிம் வட்டாரத்துத் தாய்மார்களும் தந்தைமார்களும் அடங்குவர்.

அவர்களிடம் கேட்டுக் கற்க வேண்டியது நிறைய உண்டு. ஒரு பொருளை எவ்வளவு நேரம் பார்ப்பார்கள், கண் களைத்தால் என்ன செய்வார்கள், ஐயம் எழுந்தால் யாரைக் கேட்பார்கள் என்பவை பாடநூலில் எளிதில் கிடைக்காத அறிவு. மாணவர் ஒருவர் தம் அலமாரியிலுள்ள பொம்மையைத் தாயின் கையில் கொடுத்து, “அம்மா, இது உங்கள் கியூசியில் தேறுமா?” என்று கேட்டால், வீட்டிலேயே ஒரு நல்ல வகுப்பு தொடங்கிவிடும்.

அருஞ்சொற்பொருள்

தராதரம் – உயர்வு தாழ்வு பகுத்தறிதல்
வார்ப்பு – உருகிய பொருளை அச்சில் இட்டு உருவாக்குதல்
மழுங்குதல் – கூர்மை அல்லது தெளிவு குறைதல்
இளக்கிப் பொருள் – நெகிழியை மென்மையாக்கச் சேர்க்கப்படுவது
பயனீட்டாளர் – பொருளையோ சேவையையோ பெற்றுப் பயன்படுத்துபவர்

கருத்துணர் வினாக்கள்

1. இரப்பர்த் தாளைத் தரம் பிரிக்கும் முறைக்கும், 1965-ஆம் ஆண்டில் அறிமுகமான முறைக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. பொம்மையின் முதுகில் பொறிக்கப்பட்ட ஆண்டை மட்டும் கொண்டு அதன் வயதை ஏன் முடிவு செய்ய இயலாது?
3. இரு பொம்மைகளின் புள்ளிகள் நோக்கத்திற்கேற்ப மாறியதைச் சான்றுடன் விளக்குக.
4. கடுங்குறை, பெருங்குறை, சிறுகுறை ஆகியவற்றுக்கு உன் வீட்டிலுள்ள பொருள் ஒன்றைக் கொண்டு எடுத்துக்காட்டுத் தருக.
5. ‘கண்ணுக்குத் தெரிந்த குறையைச் சொல்லாமல் விடுவது, அறியாமல் செய்த பிழையைவிடப் பெரியது.’ இக்கூற்றை நீ ஏற்கிறாயா? காரணங்களுடன் எழுதுக.